சைட்டேஷன் கணக்குல காணாம போன ஒரு ரிப்போர்ட்: வீட்டுவசதிக் கொள்கை ஆய்வாளர் ஒருத்தரோட தாக்கத்தை அளந்த கேஸ்

பின்னணி

நான் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தோட லைப்ரரில வேலை பாக்குறேன். புக் எடுத்துக் குடுக்குற பக்கம் இல்ல, ஆய்வாளர்களோட பேப்பர், சைட்டேஷன் (ஒருத்தரோட வேலைய இன்னொருத்தர் தன் எழுத்துல எடுத்துக் குறிப்பிடுறது), ப்ரொஃபைல் இதையெல்லாம் பாத்துக்குற பக்கம். என்கூட ஒரு ஜூனியர் இருக்காங்க, ரெண்டு பேர்தான் மொத்த டீமே. கமிட்டி ஏதாவது கேட்டா எண்ணை எடுத்து ஒரு பக்கத்துல போட்டு அனுப்பிடுவோம், வருஷக்கணக்கா அப்படித்தான் ஓடுச்சு. இந்த கேஸ்ல அந்தப் பழக்கம் ஒருத்தரோட இருபது வருஷ உழைப்பை எப்படி சின்னதா காட்டுச்சுன்னு கண்ணு முன்னாடி பாத்தேன், அதனாலதான் முதல்ல இருந்து எழுதி வைக்கிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு எண்களை எல்லாம் கிட்டத்தட்டன்னு மாத்திட்டேன், மத்தபடி நடந்தது நடந்தபடி.

ஒரு சீனியர் பதவி காலியாச்சு. மூணு பேர் போட்டி. ஒருத்தர் போக்குவரத்து மாடலிங் பண்றவர், ஒருத்தர் பொது சுகாதாரம், மூணாவது இந்த கேஸ்ல வர்ற மேடம், வீட்டுவசதிக் கொள்கை. வாடகை, வீட்டை காலி பண்ண வைக்கிறது, குறைஞ்ச வருமானக் குடும்பத்துக்கு வாடகை கட்டுப்படியாகுதா இல்லையா, இதுதான் அவங்க ஏரியா. கமிட்டி எங்ககிட்ட மூணு வாரம் டைம் குடுத்து ஒரு டெம்ப்ளேட் அனுப்பிச்சாங்க. அதுல மூணே வரி: எச்-இண்டெக்ஸ், மொத்த சைட்டேஷன், கட்டுரை வந்த ஜர்னல்களோட சராசரி இம்பாக்ட் ஃபேக்டர். தலைப்பு மட்டும் "அறிவுசார் தாக்கம்"னு பெருசா இருந்துச்சு.

முதல் வாரம்: டேட்டாபேஸ்ல என்ன தெரிஞ்சது

முதல் நாளே ஸ்கோபஸ்ல தேடினேன், ஆய்வுக் கட்டுரைகளையும் அதுக்கு வந்த சைட்டேஷனையும் பதிஞ்சு வைக்குற டேட்டாபேஸ் அது. மேடம் பேர்ல மூணு ப்ரொஃபைல் வந்துச்சு. ஆரம்ப காலத்துல இனிஷியலோட எழுதிருக்காங்க, அப்புறம் முழுப் பேர், நடுவுல ஒரு ரெண்டு கட்டுரைல பேரே திருப்பிப் போட்டு அச்சாயிருக்கு. மெஷினுக்கு இது மூணு பேர். மூணையும் ஒண்ணா சேக்கச் சொல்லி ரிக்வெஸ்ட் போட்டேன், ஆனா அது சரியாகுறதுக்கு நாள் ஆகும்னு தெரிஞ்சதால கையாலயே சேத்து ஒரு கணக்கு எடுத்தேன். எச்-இண்டெக்ஸ் ஒற்றை இலக்கம்தான் வந்துச்சு. பொது சுகாதாரக்காரருக்கு அதைவிட நாலு மடங்கு.

எச்-இண்டெக்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஒருத்தரோட கட்டுரைகள்ல குறைஞ்சது 10 கட்டுரைக்கு ஒவ்வொண்ணுக்கும் 10 சைட்டேஷனாவது இருந்தா எண் 10. 11 ஆகணும்னா 11 கட்டுரைக்கு 11 வேணும். 2005ல ஹோர்ஹே ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் முன்வைச்ச அளவு இது. துறைக்கு துறை சைட்டேஷன் பழக்கம் வேறன்றதால ஒரு துறை எண்ணை இன்னொரு துறை எண்ணோட அப்படியே வைக்க முடியாதுன்னு அவரே அந்தக் கட்டுரைல சொல்லிருக்கார். அது மட்டும் இல்ல, இந்த எண் குறையவே குறையாது, வயசு ஏற ஏற ஏறும், ஒரே ஒரு வேலைக்கு ஆயிரம் சைட்டேஷன் வந்தாலும் எச்-இண்டெக்ஸுக்கு அதுல கிடைக்குறது ஒண்ணே ஒண்ணுதான்.

இம்பாக்ட் ஃபேக்டர் கதை இன்னும் மோசம். ஒரு ஜர்னல்ல முந்தின ரெண்டு வருஷத்துல வந்த கட்டுரைகளுக்கு இந்த வருஷம் சராசரியா எத்தனை சைட்டேஷன் வந்துச்சுன்ற கணக்கு அது, அதாவது ஜர்னலை அளக்குற அளவு, ஆளை அளக்குற அளவு இல்ல. வீட்டுவசதி ஆராய்ச்சில ஒரு கட்டுரை படிக்கப்பட்டு, யாராவது அந்த முறைய தன்னோட சர்வேல போட்டு, ரிசல்ட் வந்து, அது அச்சாகி வரதுக்குள்ள ரெண்டு வருஷம் எங்கயோ போயிடும். ஹவுசிங் ஸ்டடீஸ் மாதிரி இந்தத் துறைல எல்லாரும் மதிக்குற ஜர்னலோட எண்ணைக் கூட மருத்துவத்துல பெரிய ஜர்னலோட எண் பக்கத்துல வச்சா ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும்.

இதெல்லாம் எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் ஒரு தப்பு பண்ணேன். கமிட்டி செக்ரட்டரி "சார், ஒரு டிராஃப்டாவது குடுங்க, ஃபைல்ல வைக்கணும்"னு கேட்டாங்க, நான் அந்த ஒற்றை இலக்க எண்ணையும் மத்த ரெண்டு பேரோட எண்ணையும் ஒரே டேபிள்ல போட்டு அனுப்பிட்டேன். மேல "தற்காலிகம்"னு எழுதினேன். அந்த வார்த்தைய யாரும் பாக்கல, எண்ணைத்தான் பாத்தாங்க. இந்த கேஸ்ல அதுக்கப்புறம் நடந்த பாதி சிக்கலுக்கு அந்த ஒரு மெயில்தான் காரணம்.

ரெண்டாவது வாரம்: மேடமோட உக்காந்து பேசினது

மூணு ப்ரொஃபைலை சேக்குறதுக்கு அவங்க ஒப்புதல் வேணும்னு கூப்பிட்டேன். லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்து வச்சிருந்தேன். மேடம் கண்ணாடிய மாட்டிகிட்டு மேல இருந்து கீழ வரைக்கும் விரல் வச்சு படிச்சாங்க, ரெண்டாவது பக்கம் திருப்பினாங்க, அதுக்கு பின்னாடி பேப்பர் இல்லன்னதும் நிமிர்ந்து பாத்தாங்க.

"சார், நான் உருப்படியா பண்ண வேலை எதுவுமே இதுல இல்லையே."

அவங்க பயோடேட்டால எண்ணிப் பாத்தோம். சின்னதும் பெருசுமா ஒரு அறுபது வேலை. அதுல ஸ்கோபஸ்ல இருந்தது மூணுல ஒரு பங்கு கூட இல்ல. மிச்சமெல்லாம் அரசுத் துறைகள் கேட்டு எழுதின ரிப்போர்ட், புக்ல வந்த அத்தியாயம், வொர்க்கிங் பேப்பர் (ஜர்னல்ல வரதுக்கு முன்னாடி சுத்துக்கு விடுற கட்டுரை), இங்கிலீஷ் அல்லாத மொழில எழுதினது. வீட்டுவசதிக் கொள்கைல வேலை பண்ற யாரை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான் இருக்கும், ஏன்னா இங்க வாசகர் யாருன்னா சக ஆய்வாளர் மட்டும் இல்ல, வாடகைச் சட்டம் எழுதுற அதிகாரி, நகராட்சி, வாடகைதாரர் சங்கம், இவங்கல்லாம் ஜர்னல் சப்ஸ்கிரிப்ஷன் வச்சிருக்க மாட்டாங்க. அவங்களுக்குப் போய்ச் சேரணும்னா ரிப்போர்ட்டாத்தான் எழுதியாகணும்.

மேடம் குறிப்பா ஒரு ரிப்போர்ட்டை சொன்னாங்க. அது என்னன்னு கொஞ்சம் விளக்குறேன், இது புரியாம மிச்சம் புரியாது.

வாடகை கட்டுப்படியாகுதான்னு பாக்க பல நாட்டுல சதவீதக் கணக்குதான் போடுறாங்க, வருமானத்துல இத்தனை சதவீதத்துக்கு மேல வீட்டுக்குப் போனா பாரம்னு. அமெரிக்காவுல அரசு வீடுகள்ல இருக்குறவங்க குடுக்குற வாடகைக்கு 1969ல 25 சதவீதம்னு உச்சவரம்பு வச்சு, 1981ல 30 ஆக்கினாங்க, அந்த 30 அப்படியே உலகம் முழுக்க ஒரு விதி மாதிரி பரவிடுச்சு. ஆஸ்திரேலியாவுல வருமானத்துல கீழ் 40 சதவீதத்துல இருக்குற குடும்பங்களுக்கு மட்டும் இந்த 30ஐ பாக்குற வழக்கம் இருக்கு. இதுக்கு மாத்தா இன்னொரு முறை, வாடகை குடுத்தது போக மிச்சம் எவ்வளவு, அந்த மிச்சத்துல சாப்பாடு, மருந்து, ஸ்கூல், பஸ் எல்லாம் ஆகுமான்னு பாக்குறது. வருமானம் 100, அதுல 30 வாடகைன்னா சதவீதக் கணக்குப்படி அந்தக் குடும்பத்துக்கு பிரச்சனை இல்ல, ஆனா நாலு பேர் வாழ 80 வேணும், கைல இருக்கிறது 70. இன்னொரு குடும்பத்துக்கு வருமானம் 500, வாடகை 200, சதவீதத்துல பாத்தா பாரம், ஆனா 300 மிச்சம், நிம்மதியா இருக்காங்க. இந்த மிச்ச வருமானக் கணக்க மேடம் கண்டுபிடிக்கல, ஏற்கனவே இருந்தது. அவங்க பண்ணது, குடும்பத்துல எத்தனை பேர், எத்தனை குழந்தை, யாருக்காவது நீண்டகால நோய் இருக்கான்னு பிரிச்சு பிரிச்சு "மிச்சம் எவ்வளவு வேணும்"னு ஒரு டேபிள் போட்டதும், அதை அதிகாரிங்க சொந்த டேட்டாவுல போட்டுப் பாக்குற மாதிரி எளிமையா எழுதினதும். அந்த டேபிள் ரிப்போர்ட்டோட பின்னிணைப்புல இருக்கு. டேட்டாபேஸ்ல அந்த ரிப்போர்ட்டே இல்ல.

எடுத்த முடிவுகள்

அன்னைக்கு சாயங்காலம் நானும் ஜூனியரும் உக்காந்து மூணு விஷயம் முடிவு பண்ணோம்.

முதலாவது, கேள்விய ரெண்டா உடைக்கணும். சக ஆய்வாளர்கள் மேல இருக்குற தாக்கம் வேற, கொள்கை மேல இருக்குற தாக்கம் வேற. பிரிட்டன்ல பல்கலைக்கழகங்களை மதிப்பிடுற ரெஃப் முறைல இம்பாக்ட்னா கல்வித்துறைக்கு வெளிய நடக்குற மாற்றம்னுதான் வரையறை, 2014ல அதுக்கு 20 சதவீத எடை, 2021ல 25. அங்க கூட ரெண்டையும் தனித்தனியாத்தான் பாக்குறாங்க. நாங்க ரெண்டையும் கலந்து ஒரே எண்ணாக்கினா அந்த எண் எதையும் சொல்லாது. கமிட்டி கேட்டது முதலாவதைத்தான், அதனால முதல்ல அதை ஒழுங்கா பண்ணுவோம், கொள்கைப் பக்கத்தை தனிப் பகுதியா வைப்போம்னு முடிவு.

ரெண்டாவது, எண்ணுறதோட நிறுத்தாம படிக்கணும். சைட்டேஷன் வந்த இடத்தை திறந்து, எந்த வாக்கியத்துல, எதுக்காக இவங்க பேர் வருதுன்னு பாக்கணும்.

மூணாவது, ஒப்பிட்டா அதே துறைல அதே அளவு வருஷம் வேலை பாத்தவங்களோட ஒப்பிடணும். ஸ்கோபஸ் டேட்டாவை வச்சு துறை சராசரிய 1ன்னு வச்சு கணக்கு போடுற அளவு ஒண்ணு இருக்கு, அதையும் பாத்தோம், ஆனா மேடமோட இருபதுக்கும் குறைவான கட்டுரைகளுக்கு அந்த எண் ஒரே ஒரு கட்டுரைய சேத்தா ஏறுது எடுத்தா இறங்குது, அவ்வளவு ஆட்டம். அதனால அதை ரிப்போர்ட்ல போடல, ஏன் போடலன்னு மட்டும் எழுதினோம்.

டைம் பத்தாதுன்னு தெரியும். மூணாவது வாரம் முழுக்க இதுக்கே போச்சு.

படிச்சப்போ கிடைச்சது

கூகுள் ஸ்காலர்ல தேடினப்போ மேடமோட எச்-இண்டெக்ஸ் ஸ்கோபஸ்ல இருந்ததைவிட ரெண்டு மடங்குக்கு மேல வந்துச்சு. ஸ்காலர் புக், தீசிஸ், ரிப்போர்ட், வொர்க்கிங் பேப்பர் எல்லாத்தையும் எடுத்துக்கும், சமூக அறிவியல்ல அதனால எண் எப்பவும் கூடத்தான் வரும். ஆனா அப்படியே நம்பக் கூடாது, ஒரே கட்டுரை ரெண்டு தடவை எண்ணப்பட்டிருந்துச்சு, வேற யாரோ ஒரே பேர்க்காரரோட கட்டுமானப் பொறியியல் கட்டுரை ரெண்டு தானா வந்து உக்காந்திருந்துச்சு. அதை எல்லாம் கழிச்சோம்.

அப்புறம் அந்த ரிப்போர்ட். டிஓஐ எண் (ஒரு ஆவணத்தை இணையத்துல அடையாளம் காட்டுற நிரந்தர எண்) கிடையாது, அதனால எழுதுறவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி குறிப்பிட்டிருக்காங்க. ஒரு இடத்துல மேடம் பேர், முழுத் தலைப்பு. இன்னொரு இடத்துல ஆசிரியர் பேருக்கு பதிலா ரிப்போர்ட் கேட்ட துறையோட பேர், வருஷம் ஒண்ணு தள்ளி. மூணாவதுல தலைப்புல பாதி மட்டும். நாலாவதுல இணையதள லிங்க் மட்டும், அந்த லிங்க்கும் இப்ப செத்துப்போச்சு. ஸ்காலர் இதை நாலு தனித்தனி வேலையா வச்சிருந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் கொஞ்சம் சைட்டேஷன். ஜூனியர் ஒரு நாள் முழுக்க உக்காந்து ஒண்ணு ஒண்ணா பிடிஎஃப் திறந்து, இது அதுதான்னு உறுதி பண்ணி, சேத்துப் பாத்தா அவங்க எழுதினதுலயே ரெண்டாவது அதிகமா எடுத்தாளப்பட்டது இதுதான்.

இதைவிட எனக்கு முக்கியமா பட்டது வேற. மேடமோட முதலிடத்துல இருந்த கட்டுரை, வரையறைகளை தொகுத்துச் சொல்ற ஒரு ரிவ்யூ. அதை எடுத்தாண்ட இடங்களைப் படிச்சா பெரும்பாலும் முன்னுரைல, "கட்டுப்படியாகுற வீடுன்றதுக்கு பல வரையறை இருக்கு"ன்ற மாதிரி ஒரு வரி, பின்னாடி ஒரு அஞ்சாறு பேர் வரிசையா, அதுல இவங்களும் ஒருத்தர். போற போக்குல சொன்னது, அவ்வளவுதான். ஆனா ரிப்போர்ட்டை எடுத்தாண்டவங்கள்ல ஒரு நல்ல பங்கு பேர் அந்த டேபிளை எடுத்து தங்களோட டேட்டாவுல கணக்கு போட்டிருக்காங்க. ஒருத்தர் அதுல நோய் செலவை கணக்கிட்ட விதம் சரியில்லன்னு மூணு பக்கம் விமர்சிச்சு திருத்திப் போட்டிருந்தார். கமிட்டில ஒருத்தர் பின்னாடி "விமர்சனத்தை எல்லாம் தாக்கத்துல சேப்பீங்களா"ன்னு கேட்டார். சேப்போம். ஒருத்தர் மூணு பக்கம் செலவழிச்சு திருத்துறார்னா அந்த வேலை இல்லாம அவரோட வேலை இல்ல.

தன்னையே எடுத்தாண்டதை தனியா பிரிச்சோம், கூட எழுதினவங்க எடுத்தாண்டதையும் பிரிச்சோம். அதுல ஒளிக்க ஒண்ணும் இல்ல, துறை சின்னது, ஒரே தலைப்புல தொடர்ந்து வேலை பண்றவங்க முந்தின வேலைய சொல்லித்தான் ஆகணும். ஆனா பிரிச்சுக் காட்டினாத்தான் படிக்குறவங்களுக்கு நம்பிக்கை வரும்.

கொள்கைப் பக்கம்: நிரூபிக்க முடிஞ்சதும் முடியாததும்

அரசு ஆவணங்கள், ஆலோசனைக் குழு அறிக்கைகள் இதுலலாம் ஆராய்ச்சி எங்க வருதுன்னு தேடித் தர ஓவர்டன்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, அதுல பாத்தோம், சில இடங்கள்ல வந்துச்சு. அதுல பாதி, பின்னாடி நூற்பட்டியல்ல பேர் மட்டும் இருக்கு, உள்ள எங்கயும் பேச்சே இல்ல. அதை எல்லாம் "குறிப்பு மட்டும்"னு தனியா போட்டோம்.

ஒரு ஆவணம் மட்டும் என்னை நிறுத்துச்சு. வாடகை உதவித்தொகை யாருக்குன்னு தீர்மானிக்குற ஒரு வழிகாட்டி. அதுல வர்ற டேபிளைப் பாத்ததும் எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு, மேடமோட பின்னிணைப்பை எடுத்து பக்கத்துல வச்சேன். அதே வரிசை, அதே பிரிவுகள், ஒரு அடிக்குறிப்புல "ஆறு வயசுக்கு கீழ"ன்னு அவங்க போட்ட அதே விதிவிலக்கு, அதே சொல். மேடம் பேர் எங்கயும் இல்ல. எந்த சைட்டேஷன் டேட்டாபேஸும் இதை ஆயுசுக்கும் கண்டுபிடிக்காது, ஏன்னா சைட்டேஷனே இல்ல. அந்தக் குழுவுக்கு மேடமை கூப்பிட்டுப் பேசின அழைப்புக் கடிதம் அவங்ககிட்ட இருந்துச்சு, தேதி வழிகாட்டி வரதுக்கு எட்டு மாசம் முன்னாடி. டேபிள், கடிதம், தேதி மூணையும் வச்சு "நேரடிப் பயன்பாடு, ஆதாரம் இணைப்பில்"னு எழுதினோம்.

ஆனா மேடம் இன்னொண்ணையும் சொன்னாங்க. வீட்டை காலி பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி குடுக்க வேண்டிய நோட்டீஸ் காலம் நீட்டிக்கப்பட்டதுக்கு தன்னோட ஆராய்ச்சிதான் காரணம்னு. அதைத் தேடினோம். அந்த சமயத்துல அதே கோரிக்கைய குறைஞ்சது மூணு அமைப்புகள் தனித்தனியா எழுதிக் குடுத்திருந்தாங்க, மேடமோட வேலை அதுல ரெண்டுல எடுத்தாளப்பட்டிருந்துச்சு. அதுக்கு மேல ஆதாரம் இல்ல. "காரணம்"ன்னு எழுத முடியாது, "பங்களிப்பு"ன்னுதான் எழுத முடியும்னு நான் போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "சார், அந்த வருஷம் நான் வாரத்துக்கு ரெண்டு நாள் கோர்ட் வாசல்ல உக்காந்து குடும்பம் குடும்பமா பேசி எடுத்த டேட்டா அது"ன்னாங்க. அவங்க சொன்னது பொய்யில்லன்னு எனக்கு நல்லா தெரியும். ஆனா நாங்க ஒரு இடத்துல ஆதாரம் இல்லாம எழுதினா, ஆதாரத்தோட எழுதின அந்த டேபிளையும் கமிட்டி சந்தேகப்படும். அதை அவங்ககிட்ட அப்படியே சொன்னேன். மறுநாள் "பங்களிப்புன்னே போடுங்க"ன்னு மெசேஜ் வந்துச்சு.

இந்தத் துறைல நாள் கணக்கு எவ்வளவு நீளும்னு கமிட்டிக்கு புரிய வைக்க ஒரு உதாரணம் சேத்தோம். அமெரிக்காவுல 1994ல ஆரம்பிச்சு 1998 வரைக்கும் ஐந்து நகரங்கள்ல சுமார் 4,600 குடும்பங்களை குலுக்கல் முறைல பிரிச்சு, ஒரு பகுதி குடும்பங்களுக்கு ஏழ்மை குறைஞ்ச பகுதிக்கு வீடு மாற வவுச்சர் குடுத்து ஒரு பெரிய சோதனை நடந்துச்சு. முதல்ல வந்த ரிசல்ட்ல பெரியவங்களோட சம்பாத்தியத்துல மாற்றமே இல்லன்னு வந்ததால பல பேர் இது வேலைக்கு ஆகலன்னு முடிவு பண்ணிட்டாங்க. இருபது வருஷம் கழிச்சு, 13 வயசுக்கு முன்னாடி வீடு மாறின குழந்தைங்க வளந்து சம்பாதிக்க ஆரம்பிச்சப்பதான் அவங்க வருமானம் சுமார் 31 சதவீதம் கூடுதலா இருக்கிறது தெரிஞ்சது. அஞ்சு வருஷம்னு காலவரம்பு வச்சு அதை அளந்திருந்தா என்ன எழுதிருப்போம்?

கமிட்டி கூட்டம்

நாங்க குடுத்தது நாலு பக்கம். முதல் ரெண்டு பக்கம் எழுத்து, மூணாவது டேபிள், நாலாவது எந்தத் தேதில எந்த டேட்டாபேஸ்ல எப்படித் தேடினோம், எதை கழிச்சோம்ன்ற குறிப்பு. கூடவே ரெண்டு பொது ஆவணத்தை எடுத்துக் காட்டினோம். 2012ல சான் ஃபிரான்சிஸ்கோல பேசி 2013ல வெளியான டோரா பிரகடனம், ஆள் எடுக்குறதுக்கும் பதவி உயர்வுக்கும் ஜர்னல் இம்பாக்ட் ஃபேக்டரை பயன்படுத்தாதீங்கன்னு நேரடியா சொல்லுது. 2015ல நேச்சர்ல வந்த லைடன் அறிக்கை பத்து கொள்கை சொல்லுது, அதுல ஐந்தாவது, யாரை மதிப்பிடுறோமோ அவங்க டேட்டாவை சரிபாக்க விடணும்ன்றது. அந்த வரிய டைப் பண்றப்போ முதல் வாரம் அனுப்பின மெயில்தான் மனசுல ஓடுச்சு. மேடமுக்கு காட்டாம அனுப்பின எண் அது.

கூட்டத்துல ஒரு உறுப்பினர் முதல் கேள்வியே நெத்தியடியா கேட்டார். "இவங்களுக்கு மட்டும் இவ்வளவு ஆழமா தேடிருக்கீங்க, மத்த ரெண்டு பேருக்கு ஏன் தேடல?"

நியாயமான கேள்வி. எங்ககிட்ட பதில் இல்ல. எண் குறைவா வந்ததாலதான் இவங்களோடதை மட்டும் தோண்டினோம், நோக்கம் நல்லதா இருந்தாலும் மத்தவங்களுக்கு அது அநியாயம்தான். கமிட்டி ஒரு மாசம் தள்ளிப் போட்டு, மூணு பேருக்கும் ஒரே மாதிரி பண்ணச் சொன்னாங்க. ஒரு மாசம் ராத்திரி பகலா உக்காந்தோம். பண்ணப் பண்ண மத்த ரெண்டு பேரோட படமும் மாறுச்சு. பொது சுகாதாரக்காரரோட சைட்டேஷன்ல பெரிய பங்கு, நூத்துக்கும் மேல ஆசிரியர்கள் இருக்குற ஒரு கூட்டுக் கட்டுரைல இருந்து வந்தது. அதுல அவர் பங்கு என்னன்னு அவரையே எழுதிக் குடுக்கச் சொன்னோம், டேட்டா சேகரிச்ச ஒரு பகுதிய நடத்தினதை தெளிவா எழுதிக் குடுத்தார். போக்குவரத்துக்காரர் எழுதின ஒரு சாஃப்ட்வேரை பல ஊர் பிளானிங் ஆபீஸ்கள் பயன்படுத்துறாங்கன்னு தெரிய வந்துச்சு, அதுவும் டெம்ப்ளேட்ல எங்கயும் இடமில்லாத ஒண்ணு.

என்ன ஆச்சு

பதவி மேடமுக்கு கிடைக்கல. பொது சுகாதாரக்காரருக்குப் போச்சு. நிர்வாக அனுபவம் கூடுதல்னு காரணம் எழுதிருந்தாங்க, அது உண்மையும் கூட. ஆனா முதல் வாரம் நான் அனுப்பின டேபிள் முடிவுல எவ்வளவு வேலை செஞ்சிருக்கும்னு என்னால சொல்ல முடியல, ஏன்னா கடைசி கூட்டத்துல கூட ஒருத்தர் அந்த ஒற்றை இலக்க எண்ணை வாய்ல இருந்து சொன்னார், நாங்க திருத்திக் குடுத்து ஆறு வாரம் ஆனப்புறமும். ஒருத்தர் மனசுல பதிஞ்ச முதல் எண்ணை நாலு பக்கம் எழுதி அழிக்க முடியாதுன்னு அன்னைக்கு புரிஞ்சது.

மினிட்ஸ்ல மேடமோட அறிவுசார் தாக்கம் வலுவானதுன்னும், முதல் டேபிளை ஃபைல்ல இருந்து எடுக்கணும்னும் பதிவாச்சு. டெம்ப்ளேட்ல இருந்து இம்பாக்ட் ஃபேக்டர் வரி போயிடுச்சு. எச்-இண்டெக்ஸ் இருக்கு, ஆனா எந்த டேட்டாபேஸ், எந்தத் தேதின்னு பக்கத்துல எழுதணும். புதுசா ஒரு பகுதி வந்துச்சு: விண்ணப்பிக்குறவங்க தாங்களே அஞ்சு வேலைய தேர்ந்தெடுத்து, எந்த வடிவத்துல இருந்தாலும் சரி, அதை யார் எப்படி பயன்படுத்தினாங்கன்னு ஆதாரத்தோட எழுதலாம்.

இப்ப திரும்ப பண்ணா மாத்துறது

டிராஃப்ட் எண்ணை யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன். இது முதல்ல.

டேட்டாபேஸ்ல இருந்து ஆரம்பிக்க மாட்டேன், ஆளோட பயோடேட்டால இருந்து ஆரம்பிச்சு, அதுல எத்தனை டேட்டாபேஸ்ல இருக்குன்னு பாப்பேன். வரிசைய மாத்தினாலே முதல் நாளே தெரிஞ்சிருக்கும் மூணுல ரெண்டு பங்கு வெளிய நிக்குதுன்னு, அந்த மெயிலே போயிருக்காது.

போட்டில எத்தனை பேர் இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே ஆழம். அதுக்கு டைம் இல்லன்னா யாருக்கும் தோண்டாம, எண்ணும் குடுக்காம, கமிட்டியே அஞ்சு வேலைய படிக்கட்டும்னு சொல்லிடுவேன்.

இன்னொண்ணு, ஆதாரத்தை அப்பப்ப எடுத்து வைக்கச் சொல்லணும். மேடம் முன்னாடி வேலை பாத்த இடத்தோட மெயில் அக்கவுண்ட் மூடப்பட்டப்போ பத்து வருஷ கடிதப் போக்குவரத்து போயிடுச்சு. நோட்டீஸ் கால விஷயத்துல அதிகாரிங்க அவங்ககிட்ட கேட்ட கேள்விகள், இவங்க அனுப்பின கணக்கு எல்லாம் அதுலதான் இருந்துச்சாம். இருந்திருந்தா அந்த "பங்களிப்பு"ன்ற சொல் வேற மாதிரி இருந்திருக்கும்.

அதுக்கப்புறம் மேடமுக்கு ஆர்க்கிட் ஐடி (பேர் எப்படி அச்சானாலும் ஒரு ஆய்வாளரை அடையாளம் காட்டுற எண்) எடுத்து எல்லா வேலையும் அதுல சேத்தோம். மூணு ப்ரொஃபைலும் ஒண்ணாயிடுச்சு. அந்த ரிப்போர்ட்டை எங்க ரெபாசிட்டரில (நிறுவனத்தோட இணைய ஆவணக் களஞ்சியம்) ஏத்தி டிஓஐ வாங்கினோம், பின்னிணைப்பு டேபிளை தனி ஃபைலா போட்டு அதுக்கும் தனியா ஒரு டிஓஐ. இன்னும் ஆறு ரிப்போர்ட் பாக்கி இருக்கு, அதுல நாலு ஏத்திடலாம், ரெண்டுக்கு அதைக் கேட்டு எழுதவச்ச ஆபீஸோட அனுமதி வரணும், கடிதம் போட்டிருக்கோம். மேடம் அடுத்த தடவைக்கு அஞ்சு வேலை லிஸ்ட்டை அனுப்பிச்சிருக்காங்க, அதுல ஜர்னல் கட்டுரை ரெண்டுதான்.